முக்கோணத்தால் நிலமளந்தவர்

பொதிய மலையிலே பிறந்து பாண்டி நாட்டை வளம்படுத்தும் பொருநை என்னும் தாமிரபரணி, சீவலப்பேரிக்கு அருகில் சிற்றாற்றையும் கயத்தாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கிழக்குக் கடலை நோக்கிச் செல்கின்றது. மூன்று ஆறுகள் கூடுதலின் அவ்விடம் முக்கூடல் என்னும் பெயர் பெற்றது. முக்கூடற் பள்ளு என்னும் சிற்றிலக்கியத்துக்கு நிலைக்களமாக விளங்கிய ஊரும் அதுவே ஆகும்.

இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு கோணம் தோன்றுகின்றது. அக்கோணத்தின் முனையில் நிற்பவனுக்கு இடப்புறம் ஒரு கரையும் வலப்புறம் ஒரு கரையும் தெரியும். இடக்கரையில் தொலைவிலுள்ள ஊருக்கும் வலக்கரையில் தொலைவிலுள்ள ஊருக்கும் இடையே உள்ள நேர் தூரம் எவ்வளவு? இடையில் ஆறு ஓடுகின்றது. வயலும் சேறும் குறுக்கிடுகின்றன. சங்கிலி பிடித்து அளக்க வழியில்லை. எனினும், கோணத்தையும் அதன் இரு புயங்களையும் அறிந்தவன் நின்ற இடத்திலிருந்தே அத்தூரத்தைக் கணித்துவிடுவான். அதனைக் கற்பிக்கும் கலை முக்கோணவியல் எனப்படும். அக்கலையின் துணைகொண்டு, ஆறும் மலையும் காடும் நிறைந்த இந்நாட்டைக் குமரிமுனை முதல் வடக்கு நோக்கி அளந்து சென்ற பெருமகனார் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

இளமை

லாம்டன் இங்கிலாந்து நாட்டில் யார்க்ஷயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே, ஏறத்தாழ 1753-ஆம் ஆண்டில், எளிய உழவர் குடியிற் பிறந்தார். செல்வமோ பெரியோர் துணையோ அவருக்கு இல்லை. ஆயினும் கணிதத்தில் அவருக்கு இயல்பாகவே பேரார்வம் இருந்தது. 1781-ஆம் ஆண்டில் காலாட்படையிற் சிறிய பதவி ஒன்று பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே நிகழ்ந்த விடுதலைப் போரில், அவ்வாண்டிலேயே யார்க்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது, அவரும் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் கானடாவிலுள்ள நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பல ஆண்டுகள் தங்கி, நிலம் அளக்கும் தொழிலிலும் படைக்குடியிருப்பைக் கண்காணிக்கும் பணியிலும் காலம் கழித்தார். ஓய்வு நேரமெல்லாம் வானநூலும் கணித நூலும் பயின்றார். ஒருமுறை சூரிய கிரகணத்தைத் தக்க காப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது என்பர். ஒற்றைக் கண்ணுடையவரே பின்னாளில் நூறு மைல் தொலைவுகளைக் கணிக்கும் கருவியின் முன் அமர்ந்தார்.

படைப்பணியும் வான்மீன் அறிவும்

தம் படையுடன் அவர் இந்தியாவுக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்றவர் அவரே. 1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். ஓர் இரவு பெயர்டு என்னும் தளபதி படையொன்றை நடத்திச் சென்றார். இருளில் படை திசை மாறிற்று. வானத்தில் விண்மீன்கள் நின்ற நிலையைக் கண்ட லாம்டன், படை பகைவர் பாசறையை நோக்கிச் செல்கின்றது என்பதை உணர்ந்து தளபதிக்கு அறிவித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர்த் திசைகாட்டியைக் கொண்டு நோக்க, லாம்டன் கூறியதே மெய் என விளங்கிற்று. படை திரும்பியது.

அவ்வாண்டு தென்னாட்டு வரலாற்றில் துயர் மிகுந்த ஆண்டு. மே மாதத்தில் திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். அக்டோபர் மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நாடுகள் ஒவ்வொன்றாகக் கும்பினியாரின் கையில் சேர்ந்தன. கைப்பற்றிய நாட்டின் எல்லையும் பரப்பும் அவர்களுக்கே தெரியவில்லை. வரி வாங்கவும் படை நடத்தவும் சரியான நாட்டுப்படம் வேண்டியிருந்தது. லாம்டன் அளவைத் திட்டம் ஒன்றை எழுதி அளித்தபோது அரசினர் இசைந்தமைக்கு இதுவே காரணம் ஆகும். ஆனால் லாம்டனுடைய உள்ளத்தில் இருந்த வேட்கை அதனினும் பெரிது. நிலவுலகம் சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அத்தட்டை எவ்வளவு என்பதை, தென்னிந்தியாவில் ஒரு நீண்ட கோட்டை அளந்து காணவேண்டும் என்று அவர் விழைந்தார்.

அடிக்கோடு

முக்கோண அளவைக்கு முதலில் வேண்டுவது அடிக்கோடு. சமநிலத்தில் ஒரு நேர்கோட்டை மிக நுட்பமாக அளந்துகொள்ள வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்த முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தின் பக்கங்கள் அவற்றின் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளவாமலே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இங்ஙனம் முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து நாடு முழுவதையும் ஒரு வலையால் மூடிவிடலாம். ஆனால் முதற்கோட்டில் நேரும் பிழை வலை முழுவதும் பரவும். வித்து பழுதானால் விளைவும் பழுதாகும் அன்றோ?

1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 10-ஆம் நாள், சென்னையில் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளக்கும் கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஒரு மனிதன் சில மணி நேரத்தில் நடந்து கடக்கும் அத்தூரத்தை அளக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின. எஃகு வெயிலில் நீளும் இயல்புடையது. ஒரு டிகிரி பாரன்ஹீட் வெப்பம் மிகுந்தால், 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். ஆயினும் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து அளக்கும்போது அச்சிறு பிழை மூன்று அங்குலமாகத் திரண்டுவிடும். ஆதலின் சங்கிலியை மரப்பெட்டிகளில் இட்டு, கூடார நிழலில் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கோணம் அளக்கும் தியோடலைட்டு என்னும் கருவி இலண்டனிற் செய்யப்பட்டது. அதன் வட்டத்தின் குறுக்களவு மூன்றடி; எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் கைப்பற்றி மொரீசியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியில் இருப்பது அறிவியற் கருவி என அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகைமை பாராட்டாது அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். போரிடும் நாடுகளுக்கு இடையிலும் அறிவுக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற முக்கோணத் தொடர், பெங்களூர் வழியாக மங்களூரை எட்டிற்று. பெங்களூருக்கு அருகில் 1804-ஆம் ஆண்டில் மற்றோர் அடிக்கோட்டை நேராக அளந்து, கணிப்பால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். ஏழு மைல் நீளத்தில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவே. கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. லாம்டன் கணிப்பில் அது 360 மைலே ஆயிற்று. நாற்பது மைல் நிலம் இருந்ததாக எண்ணியிருந்த இடத்தில் உண்மையில் கடலே இருந்தது.

நிழலும் கணிப்பும்

லாம்டன் கையாண்ட கணிதத்தின் உட்பொருளை முக்கூடலைக் கொண்டே விளக்கலாம். ஆறுகள் கூடும் முனையிலிருந்து ஒரு புறம் 5 மைல் தொலைவில் ஓர் ஊரும், மறுபுறம் 8 மைல் தொலைவில் மற்றோர் ஊரும் இருப்பதாகக் கொள்க. இரு நேர்கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை. ஊர்கள் இரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைக் காணவேண்டும்.

உச்சி வெயிலில் சாய்ந்து நிற்கும் ஒரு கோலின் நிழல் தரையில் விழுவதுபோல, 5 மைல் கோட்டின் நிழல் 8 மைல் கோட்டின்மேல் விழுவதாக எண்ணுக. நிழலின் நீளத்துக்கும் கோட்டின் நீளத்துக்கும் உள்ள விகிதமே கொசைன் எனப்படும். 60 பாகையின் கொசைன் அரை. ஆகவே நிழலின் நீளம் இரண்டரை மைல். எட்டு மைலில் எஞ்சியது ஐந்தரை மைல். நிழல் முடியும் இடத்திலிருந்து முதல் ஊருக்குச் செல்லும் செங்குத்துக் கோட்டின் வர்க்கம், 25-இல் 6.25 போக 18.75. ஐந்தரையின் வர்க்கம் 30.25. இரண்டையும் கூட்ட 49 வரும். அதன் வர்க்கமூலம் 7. ஆகவே ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் 7 மைல்.

இதனையே சுருங்கச் சொல்லும் விதி கொசைன் விதி. இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டுக; அப்பக்கங்களின் பெருக்கத்தை இரட்டித்து இடைக்கோணத்தின் கொசைனாற் பெருக்குக; வந்ததை முன்னைய கூட்டுத்தொகையிலிருந்து கழிக்க, மூன்றாம் பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும். இடைக்கோணம் செங்கோணமாயின் நிழல் இல்லை; கொசைன் சுழியமாகும். அப்போது இவ்விதி பித்தாகரசு தேற்றமாகவே நிற்கும். கோணம் விரிகோணமாயின் நிழல் எதிர்ப்புறம் விழும். அப்போது கழிக்க வேண்டியதைக் கூட்ட வேண்டும். சைன் என்னும் சொல்லுக்கு மூலம், ஆரியபடர் முதலிய இந்நாட்டு வானநூலார் வழங்கிய ஜ்யா என்னும் சொல்லே என்பது அறிந்து மகிழத் தக்கது. அஃது அரபு நாட்டார் வழியாக மேனாடு சென்று, உருமாறி, லாம்டன் கையிலுள்ள வாய்பாட்டு நூலாக மீண்டும் தென்னாட்டுக்கு வந்தது.

லாம்டன் வேண்டியது வெறும் தூரம் மட்டும் அன்று. தெற்கிலிருந்து வடக்கே செல்லும் ஒரு நேர்கோட்டின் நீளம். முக்கோணங்களின் பக்கங்களோ ஒன்று வடகிழக்காகவும் ஒன்று வடமேற்காகவும் சாய்ந்து செல்வன. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் அது வடதிசையோடு அமைக்கும் கோணத்தின் கொசைனாற் பெருக்கி, வடக்கு நோக்கிய நிழலைக் கண்டார். அந்நிழல்களையெல்லாம் கூட்ட, தீர்க்கரேகையின் நீளம் கிடைத்தது. அளவும் திசையும் ஒருங்கே உடைய இத்தகைய கணியங்களை இக்காலத்தார் திசையன்கள் என்பர். அப்பெயர் அவர் காலத்தில் வழங்கவில்லை. பொருளை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆற்றைக் கடக்கும் ஓடத்துக்கும் இக்கணக்கே பொருந்தும். ஓடக்காரன் மணிக்கு 5 மைல் வேகத்தில் துடுப்பிட, வெள்ளம் மணிக்கு 3 மைல் வேகத்தில் இழுக்க, இரு திசைகளுக்கும் இடையே 60 பாகை இருப்பின், ஓடம் 8 மைல் வேகத்தில் செல்லாது. ஒன்றன் முடிவில் மற்றொன்றைத் தொடுத்து முக்கோணம் வரைந்தால், உள்ளே அமையும் கோணம் 120 பாகை. அதற்குரிய நிழல் எதிர்ப்புறம் விழுவதால், 25-உம் 9-உம் 15-உம் கூடி 49 ஆகும். ஓடத்தின் வேகம் 7 மைல்.

தஞ்சையில் நேர்ந்த இடர்

குன்றுகள் உள்ள நாட்டில் குன்றின்மேல் கருவியை நிறுத்தலாம். தஞ்சைச் சமவெளியிலோ குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகளே பார்வையை மறைத்தன. ஆகவே கோயில்களின் உயர்ந்த கட்டடங்களை லாம்டன் நாடினார். 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள கருவி ஊசலாடிச் சுவரில் மோதிற்று. பெட்டி உடைந்தது. நுட்பமாகக் கோடுகள் பொறித்த வட்டம் நெளிந்து போயிற்று.

ஆறாண்டு உழைப்புக்கு உயிராயிருந்த கருவி அது. அதனைப் போன்ற வேறொன்று அருகில் இல்லை. இங்கிலாந்திலிருந்து வேறு கருவி வருவதாயின் நெடுங்காலம் ஆகும். அதற்குள் அரசினர் மனம் மாறவும் கூடும். நெளிந்த கருவியைக்கொண்டே அளந்து, பிழையை மறைத்துவிடவும் ஒருவரால் இயலும். எவரும் கண்டிருக்க மாட்டார். லாம்டன் அவ்வாறு செய்யவில்லை. கயிறு பிடித்தவர்களைச் சினந்து பொழுது போக்கவும் இல்லை. கூடாரத்துக்குள் புகுந்து, தலைமைக் கைவினைஞர் சிலரைத் தவிர எவரையும் உள்ளே விடாமல், கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். தட்டையான பலகையில் வட்டம் முன்பிருந்த அளவிலேயே ஒரு வட்டம் வரைந்தார். நெளிந்த வளையத்தை அதன்மேல் பொருத்தி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து, வரைந்த வட்டத்தோடு ஒத்து நிற்கும்வரை பாடுபட்டார். ஆறு வாரங்கள் கழிந்தன. கருவி மீண்டும் வட்டமாயிற்று.

பொருநை நாட்டில்

செப்பனிட்ட கருவியுடன் லாம்டன் தெற்கு நோக்கி வந்தார். 1809-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. வடக்கிலிருந்து முக்கோணங்களின் வழியாகக் கணித்து வந்த நீளத்தை, மண்ணின்மேல் சங்கிலி வைத்து அளந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரைகல் அது. தஞ்சையில் நேர்ந்த இடரை வென்றோமா என்பதைக் காட்டும் சான்றும் அதுவே. அதன் பின்னரும் அதே கருவி அவர் வாழ்நாள் முழுதும் அவருக்குத் துணை நின்றது.

அந்நாளில் பொருநைக் கரையில் அமைதி நிலவவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801-ஆம் ஆண்டில் இடித்து நிரத்தப்பட்ட புண் ஆறவில்லை. அண்டையிலுள்ள திருவிதாங்கூரில் வேலுத்தம்பி கும்பினியாரை எதிர்த்து எழுந்ததும் 1808, 1809-ஆம் ஆண்டுகளிலேயே. அந்நிலையில், குன்றுதோறும் கொடி நாட்டிக் கருவியின் வழியே நோக்கும் வெள்ளையரை மக்கள் ஐயத்தோடு கண்டதில் வியப்பில்லை. இவ்வளவையால் முதற்பயன் பெற்றவர்கள் ஆள வந்தவர்களே என்பதையும் மறத்தல் ஆகாது. கொடி பிடித்தும் சங்கிலி சுமந்தும் காடு வெட்டியும் உழைத்த இந்நாட்டு எளியோர் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் அளவை பயின்று லாம்டனுக்கு வலக்கையாக விளங்கிய ஜோஷுவா டி பென்னிங் போன்ற சிலர் பெயர்களே எஞ்சின. அவர்கள் தோளில் ஏறியே அக்கருவி குமரிவரை சென்றது.

குமரிமுனைக்கு அருகில், ஏடுகளில் புன்னே எனக் குறிக்கப்பெற்ற இடத்தில், வடக்கு 8 பாகை 9 கலை அளவில், நெடுங்கோட்டின் தென்முனை அமைந்தது.

இறுதிக் காலம்

பின்னர் லாம்டன் வடக்கு நோக்கித் திரும்பினார். நிலவுலகின் வளைவால் பெரிய முக்கோணங்களில் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்குச் சற்றே மிகும். ஏறத்தாழ 75 சதுர மைல் பரப்புக்கு ஒரு விகலை என்னும் அச்சிறு மிகுதியையும் அவர் கணக்கிற் கொண்டார். ஆண்டுகள் சென்றன. அவருடைய புகழ் மேனாட்டில் பரவிற்று. 1817-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பிரெஞ்சு அறிவியற் கழகமும் அவரைச் சிறப்பித்தது. 1818-ஆம் ஆண்டில் அவர் பணிக்கு மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்னும் பெயர் வழங்கலாயிற்று. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் அவருக்குத் துணைவராக வந்து சேர்ந்தார்.

முதுமையும் இருமலும் வருத்தியபோதும் லாம்டன் பாசறை வாழ்வை விடவில்லை. நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில், 1823-ஆம் ஆண்டு சனவரி மாதம் 20-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது ஏறத்தாழ எழுபது வயது. அதுவரை அவர் அளந்த நிலம் 1,60,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. அவர் கல்லறை அவ்வூரிலேயே உள்ளது.

எவரெஸ்ட் அப்பணியை ஏற்று நடத்தி, 1841-ஆம் ஆண்டளவில் இமயமலை அடிவாரம்வரை நெடுங்கோட்டைக் கொண்டு சென்றார். அவ்வளவையின் பயனாகவே உலகின் உயர்ந்த சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டது. அக்கணிப்பில் பெரும்பங்கு கொண்டவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித வல்லார். 1865-ஆம் ஆண்டில் அச்சிகரத்துக்கு எவரெஸ்ட் என்னும் பெயர் சூட்டப்பட்டது. தொடங்கி வைத்த லாம்டனின் பெயரை ஓங்கிய சிகரம் எதுவும் தாங்கவில்லை.

இன்று வானில் சுழலும் செயற்கைக் கோள்கள் ஒரு நொடியில் இடத்தை அறிவித்துவிடுகின்றன. ஆயினும் அவற்றின் கணிப்புக்கும் அடிப்படை, தூரமும் திசையும் கோணமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் அப்பழைய முக்கோண உறவே ஆகும். ஒரு பக்கத்தை உண்மையாக அளந்தவனுக்கே மற்றப் பக்கங்கள் உண்மையைக் காட்டும். இதனைக் கணக்கில் மட்டுமன்றித் தம் வாழ்விலும் கடைப்பிடித்தவர் லாம்டன். எவரும் காணாத கூடாரத்துக்குள் ஆறு வாரம் அமர்ந்து நெளிந்த வட்டத்தை நேர்செய்த அவ்வுழைப்பே அவருடைய பெருமைக்கு அடிக்கோடு எனலாம்.